நங்கூரமிட்ட வீடு

கோலா கெடாவிலிருந்தோ கோலா பெர்லிசிலிருந்தோ லங்காவிக்கு ஃபெர்ரியில் செல்பவர்கள், குவா நகரை நெருங்கும்போது இரண்டு காட்சிகளைக் காணலாம். ஒன்று, சிறகு விரித்து நிற்கும் மாபெரும் கழுகுச் சிலை. எல்லாரும் படம் பிடிப்பது அதைத்தான். மற்றொன்று, துறைக்குச் சற்று அப்பால் நங்கூரமிட்டு நிற்கும் பாய்மரப் படகுகள். அவற்றின் பாய்கள் சுருட்டிக் கட்டப்பட்டிருக்கும். சில படகுகளின் ஓரக் கம்பிகளில் துணிகள் காய்ந்துகொண்டிருக்கும். துணி காய்கிறது என்றால் அங்கே யாரோ குடியிருக்கிறார்கள் என்று பொருள்.

அப்படிக் குடியிருக்கும் குடும்பங்களில் ஒன்று என் கல்லூரி நண்பருடையது. அவர் கப்பல் பொறியியலாளராகப் பணியாற்றியவர். பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிச் செப்பனிட்டு, மனைவி, மகள், மகன் ஆகியோருடன் ஓராண்டாக அதில் வாழ்ந்து வந்தார். மகளுக்கு வயது 15, மகனுக்கு 13. இருவரும் படகிலேயே பாடம் படித்தார்கள். படகின் நீளம் 11 மீட்டர். ஏறத்தாழ ஒரு பேருந்தின் நீளம்தான். அதற்குள் சமையலறை, கழிவறை, மூன்று படுக்கையிடங்கள், ஒரு மேசை, இயந்திரம், கருவிப் பெட்டிகள் அனைத்தும் இருந்தன. மே மாத இறுதியில் ஆறு நாள் அவர்களோடு தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கடலில் ஓய்வாக உட்கார்ந்து சூரிய மறைவைப் பார்க்கப் போகிறோம் என்று எண்ணிக்கொண்டு போனேன். சூரிய மறைவைப் பார்த்தேன். ஓய்வாக உட்கார்ந்தது குறைவு.

பினாங்கிலிருந்து விடியுமுன் புறப்பட்டோம். லங்காவி ஏறத்தாழ 60 கடல்மைல் தொலைவில் உள்ளது. ஒரு கடல்மைல் என்பது 1.852 கிலோமீட்டர், எனவே, இது 111 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம். பாய்மரப் படகோ மணிக்கு 5 கடல்மைல் வேகத்தில் சென்றால் 12 மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் யாராவது ஒருவர் கடலைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மலாக்கா நீரிணையின் வடபகுதியில் மீனவர்கள் விரித்த வலைகள் பரந்து கிடக்கும். மிதவைகளின் மேல் நட்ட சிறு கொடிகளே அவற்றுக்கு அடையாளம். வலைக்கயிறு படகின் விசிறியில் சுற்றிக்கொண்டால் படகு நின்றுவிடும். மீனவரின் பிழைப்பும் அறுந்துபோகும். அதனால் ஒவ்வொரு கொடியையும் சுற்றிக்கொண்டு போனோம்.

முற்பகலில் எனக்குத் தலை சுற்றியது. கீழே போய்ப் படுக்க விரும்பினேன். "கீழே போனால் இன்னும் மோசமாகும், மாமா. அந்த மலையையே பாருங்கள்" என்றாள் நண்பரின் மகள். அசையும் படகில், அசையாத ஒன்றைக் கண் பற்றிக்கொண்டால் வயிறு அடங்கும் என்று விளக்கினாள். அவள் காட்டியது வலப்பக்கத்தில் நீலமாக எழுந்து நின்ற குனோங் ஜெராய். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. சோழர் காலத் தமிழர் கடாரம் என்று அழைத்த நிலம் இது. வங்கக் கடலைக் கடந்து வந்த மரக்கலங்களுக்குக் கரை இருக்கும் திசையைக் காட்டிய மலையும் இதுதான். அந்த மாலுமிகள் இதைத் தேடிக் கண்டபோது எவ்வளவு நிம்மதி அடைந்திருப்பார்கள் என்பதை எந்த வரலாற்று நூலையும்விட என் வயிறு எனக்கு நன்றாகப் புரியவைத்தது.

மாலையில் டாயாங் புந்திங் தீவுக்கு அருகில், சுண்ணாம்புக்கல் குன்றுகள் சூழ்ந்த அமைதியான நீர்ப்பரப்பில் நங்கூரமிட்டோம். கைகழுவப் போன நான் குழாயைத் தேடினேன். திருகுவதற்கு ஒன்றும் இல்லை. "மிதியுங்கள், மாமா!" என்று சிரித்தான் மகன். தரையில் ஒரு மிதிகட்டை இருந்தது. ஒருமுறை மிதித்தால் ஒரு கை நீர் வரும். மிதிப்பதை நிறுத்தினால் நீரும் நின்றுவிடும். திறந்து வைத்து மறந்துபோக வழியே இல்லை.

படகின் தொட்டி 400 லிட்டர் கொள்ளும். மலேசியாவில் ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 200 லிட்டருக்கும் மேற்பட்ட நீரைப் பயன்படுத்துகிறார். அந்தக் கணக்கில், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இந்தத் தொட்டி அரை நாளுக்குக்கூடப் போதாது. நண்பர் குடும்பத்துக்கோ அது பத்து நாள் வந்தது. ஆளுக்கு 10 லிட்டர்தான். பாத்திரத்தை முதலில் கடல்நீரில் தேய்த்து, கடைசியில் சிறிது நன்னீரில் அலசினார்கள். குளியலும் அப்படித்தான்: கடலில் குதித்து நீந்தி, சவர்க்காரம் தேய்த்து, இறுதியில் இரண்டு குவளை நன்னீர். உப்பு உடலில் தங்கினால் தோல் அரிக்கும். துணியில் தங்கினால் அது எளிதில் காயாது. கடல்நீரை நன்னீராக்கும் கருவி பல படகுகளில் உண்டு. ஆனால், அது மின்சாரத்தை விழுங்கும். விலையும் அதிகம். நண்பரிடம் அது இல்லை.

மின்சாரமும் எண்ணித்தான் செலவானது. மேல்தளத்தில் இருந்த சூரியத் தகடுகள் பகலில் மின்கலங்களை நிரப்பின. விளக்குகளுக்குச் சிறிதளவே போதும். வெப்பமண்டலக் கடலில் இரவும் பகலும் மின்சாரத்தைத் தின்பது குளிர்ப்பெட்டிதான். வானம் தொடர்ந்து இரண்டு நாள் மூடியிருந்தால், கைப்பேசியில் காணொளி பார்ப்பதா, மீனைக் கெடாமல் வைப்பதா என்ற கேள்வி எழும். நான் இருந்தபோது ஒரு நாள் அது எழுந்தது. மீன்தான் வென்றது.

மகளிடம் ஒரு மாலை, "இந்த வாழ்க்கை பிடித்திருக்கிறதா?" என்று கேட்டேன். அவள் உடனே விடை சொல்லவில்லை. "காலையில் எழுந்ததும் கடலில் குதிப்பது பிடிக்கும். தோழிகள் எல்லாரும் ஒன்றாகப் படம் எடுத்து அனுப்பும்போது பிடிக்காது. இங்கே கோபம் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளவும் முடியாது, மாமா. என் படுக்கைக்குக் கதவு இல்லை, திரைச்சீலைதான்" என்றாள். அவள் தாய் அதைக் கேட்டும் கேளாதவர்போல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து, "கோபம் வந்தால் அணியத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். அங்கே யாரும் போய்ப் பேசக் கூடாது. அது எங்கள் வீட்டுச் சட்டம்" என்றார். அணியம் என்பது படகின் முன்முனை. பதினோரு மீட்டர் வீட்டில் அவர்கள் கண்டுபிடித்த கதவு அது.

நான்காம் நாள் டாயாங் புந்திங் தீவுக்குள் நடந்து சென்றோம். அங்கே ஒரு நன்னீர் ஏரி இருக்கிறது. குறுகிய பாறைச்சுவர் ஒன்றே அதைக் கடலிலிருந்து பிரிக்கிறது. உப்பில்லாத நீரில் முழுவதுமாக மூழ்கி எழுந்த மகன், "மிதிக்காமலேயே எவ்வளவு தண்ணீர்!" என்று கத்தினான். திரும்பும் வழியில் குரங்கு ஒன்று எங்கள் ரொட்டிப் பொட்டலத்தைப் பறித்துச் சென்றது. அதையும் சரக்குக் கணக்கில் கழித்துக்கொண்டார் நண்பரின் மனைவி.

மறுநாள் புதன்கிழமை. காலையில் குவா நகருக்கு முன்னால் வந்து நங்கூரமிட்டோம். படகில் வாழ்பவர்களுக்குக் கரை என்றால் பெரும்பாலும் வேலைதான். டிங்கி எனப்படும் காற்றடைத்த சிறு படகில் எரிவாயுக் கலனையும், அழுக்குத் துணி மூட்டையையும், குப்பைப் பைகளையும், காலி நீர்க்கலன்களையும் ஏற்றிக்கொண்டு போனோம். குப்பையை ஐந்து நாள் சேர்த்து வைத்துக் கரைக்குக் கொண்டுவருவது எளிதன்று. அதன் நாற்றத்தோடு உறங்க வேண்டியிருக்கும். கடலில் எறிந்துவிட்டால் யாருக்கும் தெரியாதுதான். அவர்கள் எறியவில்லை.

எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு படகில் மஞ்சள் கொடி பறந்தது. தாய்லாந்திலிருந்து அன்று காலை வந்து சேர்ந்ததாம். வெளிநாட்டிலிருந்து வரும் படகு, குடிநுழைவு, சுங்கம், துறைமுக அலுவலகங்களில் பதிவை முடிக்கும்வரை மஞ்சள் கொடியைப் பறக்கவிட வேண்டும். முடிந்த பிறகு அதை இறக்கிவிட்டு, வந்த நாட்டின் கொடியைப் பாய்மரத்தின் வலப்பக்கத்தில் ஏற்ற வேண்டும். நண்பகலில் அதில் நம் நாட்டுக் கொடி ஏறியதைக் கண்டபோது, எதிர்பாராத விருந்தாளி நம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றி வைத்ததுபோல் எனக்கு இருந்தது.

லங்காவியில் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தை நாளுக்கு ஓர் ஊரில் நடக்கும், புதன்கிழமைகளில் குவாவில். அங்கே பூசணி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, முட்டை ஆகியவற்றை வாங்கினோம். கீரை ஒரு நாளுக்கு மட்டும். குளிர்ப்பெட்டியின்றி நெடுநாள் தாங்கும் காய்களே படகுக்கு ஏற்றவை. வாங்கியவற்றைக் கரையிலேயே அட்டைப் பெட்டியிலிருந்து துணிப்பைக்கு மாற்றினார் நண்பரின் மனைவி. அட்டையின் இடுக்குகளில் கரப்பான்பூச்சியின் முட்டைகள் இருக்கக்கூடும். வீட்டில் கரப்பான் வந்தால் விரட்டலாம். படகில் அது குடியேறிவிட்டால் யார் குடியிருப்பது என்ற வழக்கு வந்துவிடும்.

படகுத்துறையில் கயிறு கட்டி நிறுத்தினால் நீரும் மின்சாரமும் கிடைக்குமே, ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று நண்பரிடம் கேட்டேன். "வாடகை" என்றார் சுருக்கமாக. பிறகு, கட்டி வைப்பதே எப்போதும் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது என்றும் சொன்னார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது லங்காவியின் மேற்குப் பகுதியில் இருந்த தெலாகா, ரெபாக் படகுத்துறைகளுக்குள் நீர் பாய்ந்தது. மிதவைத் தளங்கள் உடைந்தன. கட்டியிருந்த படகுகள் ஒன்றோடொன்று மோதிச் சேதமடைந்தன. ஆழ்கடலில் ஆழிப்பேரலை நீண்டு தாழ்ந்து செல்வதால் அங்கே மிதக்கும் படகுகளுக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை. கரையை நெருங்கி, ஆழம் குறையும்போதுதான் அது உயர்ந்து எழுகிறது.

வெளியே நிற்பவர்களுக்கு நங்கூரமே எல்லாம். நங்கூரம் தன் எடையால் மட்டும் படகைப் பிடித்து நிறுத்துவதில்லை. சங்கிலி தரையோடு படிந்து கிடந்து, நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுக்க வேண்டும். அப்போதுதான் அதன் முனை சேற்றில் புதையும். சங்கிலி குறைவாக இருந்தால் அது செங்குத்தாக இழுத்து நங்கூரத்தைப் பெயர்த்துவிடும். எவ்வளவு சங்கிலி வேண்டும் என்பதைக் கணக்கிடுவது அந்தப் படகில் மகளின் பொறுப்பு. அன்று காலை அவள் செய்த கணக்கை என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். காலை ஒன்பது மணிக்கு, கடல் வற்றியிருந்தபோது ஆழம் 4 மீட்டர். அது பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். பின்னிரவில் நீர் 2 மீட்டர் உயரும். அணியம் நீர்மட்டத்துக்கு மேல் 1 மீட்டர். ஆக 7 மீட்டர். அதைப்போல் ஐந்து மடங்கு, 35 மீட்டர். சங்கிலியில் பத்து மீட்டருக்கு ஒருமுறை பூசியிருந்த வண்ண அடையாளங்களை எண்ணி அவள் சங்கிலியை இறக்கினாள். எங்களுக்குப் பின் வந்த ஒரு படகு எங்களுக்கு மேற்கே நங்கூரமிட்டது. அதில் வந்தவர் அரை மணி நேரத்தில் டிங்கியில் ஏறிக் கரைக்குப் போய்விட்டார்.

அன்றிரவு காற்றே இல்லை. புழுக்கம் தாங்காமல் நான் மேல்தளத்தில் படுத்தேன். மேற்கே மின்னல் ஓசையின்றி வெட்டிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ மூன்றரை மணிக்குத் திடீரென்று குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. நண்பர் எழுந்து மேலே வந்துவிட்டார். "சுமத்ரா வருகிறது. பாதுகாப்பு அங்கியைப் போட்டுக்கொள்" என்றார். ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், சுமத்ராத் தீவின் பக்கமிருந்து பின்னிரவில் கிளம்பி நீரிணையைக் கடந்து வரும் புயல்மழை அது. நம் மேற்குக் கரையிலும் சிங்கப்பூரிலும் விடியற்காலையில் பலர் அதன் இரைச்சலில் விழித்திருப்பார்கள். சன்னலைச் சாத்திவிட்டு மீண்டும் உறங்கியிருப்பார்கள்.

சில நிமிடங்களில் காற்று 38 கடல்மைல் வேகத்தைத் தொட்டது. மணிக்கு 70 கிலோமீட்டர். மழை கிடைமட்டமாக அடித்தது. கரை விளக்குகள் மறைந்தன. எங்கள் படகு காற்றை நோக்கித் திரும்பி, சங்கிலியை முறுக்கி இழுத்து நின்றது. நங்கூரம் நகரவில்லை. நண்பர் இயந்திரத்தை இயக்கி ஆயத்தமாக வைத்தார். அப்போது, கைவிளக்கைப் பிடித்துக்கொண்டிருந்த மகள், "அப்பா, அந்தப் படகு வருகிறது!" என்று கத்தினாள்.

மேற்கே நின்ற படகு தன் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. ஊதுகுழலை ஊதினோம். விளக்கு எரியவில்லை. அதில் யாரும் இல்லை என்பது எங்களுக்கு நினைவிருந்தது. அது எங்கள் மேல் மோதினால் இரண்டும் சேர்ந்து பின்னால் நிற்கும் படகுகளின் மேல் சாயும். விலகிச் சென்றால் நேரே கற்கரையில் போய் உடையும். பிறர் படகில் அனுமதியின்றி ஏறுவது, பூட்டிய வீட்டுக்குள் நுழைவதற்குச் சமம். கடலில் வாழ்பவர்கள் இதில் மிகவும் கண்டிப்பானவர்கள். நண்பர் ஒரு கணம்தான் தயங்கினார். தம் பாதுகாப்பு அங்கியின் வாரை இறுக்கிக்கொண்டு மகளிடம், "சுக்கானைப் பிடி. இயந்திரம் மெதுவாக முன்னே ஓடட்டும். முகம் காற்றுக்கு நேராகவே இருக்கட்டும். என்னைப் பார்க்காதே, காற்றைப் பார்" என்றார்.

நண்பரின் மனைவியும் நானும் ரப்பர் உருளைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டோம். அந்தப் படகு எங்கள் ஓரத்தை உரசிய நொடியில் நண்பர் அதன் மேல் தாவினார். அதன் அணியத்துக்குத் தவழ்ந்து சென்று, சங்கிலியை முழுவதுமாக இறக்கினார். படகு எங்களைக் கடந்து இருளில் பின்வாங்கியது. பத்து மீட்டர், இருபது மீட்டர் என்று விலகி, ஒரு குலுக்கலுடன் நின்றது. நங்கூரம் சேற்றைப் பற்றிக்கொண்டது. இரண்டு சங்கிலிகளும் பின்னிக்கொள்ளாதது நல்வாய்ப்பு.

மகள் திரும்பிப் பார்க்கவே இல்லை. மழைநீர் கண்ணில் வழிய, உதட்டைக் கடித்துக்கொண்டு, சுக்கானை இரு கைகளாலும் பற்றியபடி காற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா நின்றுவிட்டார். படகும் நின்றுவிட்டது" என்று தாய் அவள் காதருகில் சொன்ன பிறகுதான் அவள் தோள்கள் தளர்ந்தன. காற்று அடங்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அதுவரை நண்பர் அந்நியரின் படகில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது கைவிளக்கை இருமுறை அசைத்துக் காட்டினார். மகன் இங்கிருந்து இருமுறை அசைத்துப் பதில் சொன்னான்.

மழை மட்டும் விடவில்லை. முதல் மழை மேல்தளத்தின் உப்பையும் தூசியையும் கழுவிச் செல்லும்வரை காத்திருந்து, பிறகு கூடாரத் துணியைக் கட்டி அதன் நடுவில் குழாயைப் பொருத்தினார்கள். விடிவதற்குள் தொட்டி பாதிக்குமேல் நிறைந்துவிட்டது. அன்று காலை எல்லாரும் நன்னீரில் குளித்தோம். ஆளுக்கு ஒரு வாளி!

ஏழு மணிக்கு அந்தப் படகின் உரிமையாளர் டிங்கியில் விரைந்து வந்தார். தம் படகு நின்ற இடத்தில் இல்லாததையும், அதில் முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருப்பதையும் கண்டு அவர் முகம் சிவந்தது. நண்பர் எழுந்து நின்று, "மன்னிக்க வேண்டும், கேட்காமல் ஏறிவிட்டேன்" என்று தொடங்கி நடந்ததைச் சொன்னார். உரிமையாளர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் நண்பரை எங்கள் படகுக்குத் தாமே அழைத்து வந்து, எங்கள் மேல்தளத்தில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்.

"நேற்று எத்தனை மீட்டர் சங்கிலி இறக்கினீர்கள்?" என்று மகள் அவரிடம் கேட்டாள்.

"இருபது. ஆழம் நான்கு, அணியம் ஒன்று. நான்கு மடங்கு போதும் என்று நினைத்தேன்."

அவள் என் குறிப்பேட்டை வாங்கி, முந்திய நாள் கணக்கு இருந்த பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தாள். "எத்தனை மணிக்கு ஆழம் பார்த்தீர்கள், அங்கிள்?" என்றாள்.

அவர் தம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்தார். நீர் அப்போது வற்றிக்கொண்டிருந்தது.